மூக்குதான் முதலில் தேயும்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அமலோற்பவம் தன்பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டிருப்பாள். திறக்காதே என்று சொன்ன பிறகு இமை சும்மா இருக்குமா, துடியாய்த் துடிக்கிறது. சொட்டு மருந்து உள்ளே போய்ச் சுருக்கென்று எரிந்து, கண்ணோரமாய் வழிந்து, கன்னத்தில் இறங்கி, வாயோரம் வந்து கசந்தது. கையில் கொடுத்திருந்த பஞ்சால் ஒற்றிக்கொண்டாள். பார்க்கிறவர்களுக்கு அழுகிற மாதிரி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், இந்தப் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் அப்படித்தான் வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு பஞ்சோடு, பெரிய மனுஷர் யாரோ போய்விட்ட வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்தால் மருந்து வெளியே வந்துவிடுமோ என்னவோ, அடக்கிக்கொண்டாள். பக்கத்தில் புருஷன் இஞ்ஞாசி இருந்தார். இருக்கிறார் என்பது சத்தத்தில் தெரிந்தது. பேப்பரை விரிப்பார், மடிப்பார், தொண்டையைச் செருமுவார், மறுபடி விரிப்பார். அந்தச் செருமலை மாசிமகக் கூட்டத்தில் விட்டால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். பாவம் மனுஷன், கண்ணாடி மாற்றணும், மருந்து விட்டால் தனியாகத் திரும்பி வர முடியாது, துணைக்கு வாங்க என்றதும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடியாம். அமலோற்பவத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று சர்ச் பங்கிலே அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்? போன வாரமே சர்ச்சில் நவநாள் செபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக இங்கே வந்து காட்டியாகிவிட்டது. வலது கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது அம்மா, அது போனது போனதுதான் என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிற மாதிரி இருக்கிறது, படம் எடுத்துப் பார்த்தால்தான் அதை நிறுத்த முடியுமா முடியாதா என்று சொல்ல முடியும், யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். கூட்டிக்கொண்டு வந்தாயிற்று. எதற்கென்று கூட்டி வந்த ஆளுக்கு மட்டும் தெரியாது.

விரல் தானாகவே மணிபர்ஸுக்குள் போய்க் காசைத் தேடிற்று. தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு காசு வைத்திருந்தாள், பிரான்ஸ் தேசத்து ஐந்து பிராங்க், அறுபதாம் வருஷத்துக் காசு. ஆல்பத்துக்குள் இருக்கிற காசுகளை விரலால் தொடுகிற வழக்கமே கிடையாது, விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், விரல் எண்ணெய் பட்டால் வெள்ளி கறுத்துப்போகும். இது அந்த வரிசையில் சேராதது, யாரோ எவரோ ரொம்ப நாள் பையில் போட்டுப் புழங்கி வழவழவென்று ஆனது, அதனால் இதைத் தொடலாம், திருப்பலாம், கோபம் வந்தால் கைக்குள் வைத்து இறுக்கலாம். விளிம்பைச் சுற்றிலும் எழுத்து ஓடுகிறது. நகத்தால் நெருடிக்கொண்டே போனால் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பிரெஞ்சில் ஒரு சுற்று முடிந்து மறுபடி சுதந்திரம் வந்துவிடும், செபமாலை உருட்டுகிற மாதிரி. ஆண்டவரே மன்னிச்சுக்கோ. காசின் முகத்தில் ஒரு பெண் நடந்துகொண்டிருப்பாள். விதைக்கிறவள். தோளில் பை, ஒரு கை பின்னால் வீசியிருக்கும், தலையில் குல்லாய், குல்லாய்க்கு அடியிலிருந்து முடி காற்றில் பறக்கும், அவளுக்குப் பின்னால் சூரியன் கதிர் விட்டுக்கொண்டிருக்கும். மின்துறை ஆபீஸில் வேலையாயிருந்த காலத்தில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய பூட்டு, பழைய ரேடியோவுக்கு நடுவே ஒரு விரிப்பில் இந்தப் பெண்ணைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்ததும் நின்றுவிட்டாள். காசு என்றால் ராஜா இருப்பான், ராணி இருப்பாள், தலைவர் இருப்பார். இவள் யாருமில்லை. இவள் வேலைக்குப் போகிறாள். காலையில் எழுந்து முடியை ஒழுங்காக வாரக்கூட நேரமில்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்ட ஒருத்தியைக் கொண்டுபோய் ஒரு தேசமே தன் வெள்ளிக் காசில் போட்டிருக்கிறது என்றால், அட, அவர்கள் மனுஷர்கள்தான் என்று தோன்றிற்று. வாங்கி வந்து வீட்டில் காட்டினால் இஞ்ஞாசி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் செஞ்சது என்றார். ரோட்டின்னு ஒரு சிற்பி என்றாள். “ரொட்டியா? பேரைப் பாரு” என்றார். அதோடு விட்டாரா? அவர் பாகூரில் நெல்லு விதைத்த குடும்பம். “ஏம்மா, முடி இந்தப் பக்கம் பறக்குது, இவ அந்தப் பக்கம் நடக்கிறா. காத்துக்கு எதிர்ல நின்னு விதைச்சா விதையெல்லாம் அவ மூஞ்சியிலதான் வந்து விழும். உன் ரொட்டிக்கு வயலைப் பத்தி ஒண்ணும் தெரியலை” என்றார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு புத்தகத்தில் படித்தால், இந்தப் பெண் முதல்முதலாகக் காசில் வந்தபோது பிரான்ஸிலேயே ஆட்கள் இதே கேள்வியைக் கேட்டுக் கேலி செய்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொன்னபோது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! பாரீஸ்காரன் எல்லாம் தன் கட்சி என்று ஒரு மாதம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தார்.

அந்த முகம். அந்த முகம் எப்படி இருந்தது? அன்றைக்கு இருந்தது நினைவில் இருக்கிறது, சப்பையான மூக்கு, மேலுதட்டில் ஒரு வெட்டுத் தழும்பு, சிரித்தால் ஒரு பக்கமாய் ஏறுகிற வாய். இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஐயோ, இதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதானே வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்தாள். மரைக்காயரைப் பற்றியும் நினைக்கக் கூடாது. நினைக்கக் கூடாது என்றால் போதும், வந்து முன்னால் உட்கார்ந்துகொள்வார். காரைக்கால் ஆள், வாரா வாரம் ஒரு பெட்டியோடு வந்து சண்டே மார்க்கெட்டில் அதே இடத்தில் விரிப்புப் போடுவார், விலை ஏறிய காசுகள் இவளுக்குக் கட்டாது என்று தெரிந்து, வெள்ளியின் எடைக்கு மேல் பெரிதாகப் போகாத காசாகப் பார்த்து இவளுக்கென்று எடுத்து வைப்பார். ஸ்விஸ் காசு, ஹாலந்துக் காசு, மெக்சிகோ காசு எல்லாம் அவர் கொடுத்ததுதான். கடைசியாக அவரிடம் போன அன்றைக்கு ஒரு கனடா டாலர் கொண்டுவந்திருந்தார். படகு ஒன்று, அதில் இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள், பின்னால் ஒரு தீவு, தீவில் மரம், மரத்துக்குப் பின்னால் வானத்தில் மெல்லிசாகக் கோடு கோடாக வடக்கு வெளிச்சம் இறங்கும். பனிப் பிரதேசத்தில் ராத்திரி வானத்தில் தானாக ஆடுமாமே அந்த வெளிச்சம், அதை உலோகத்தில் காட்ட வேண்டும் என்று நினைத்தவன் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பான்! காசிலேயே அதுதான் மெல்லிய வேலை, புழங்கினால் மங்கிப்போகிறதும் அதுதான், அது இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். லென்ஸை எடுத்து வலது கண்ணில் வைத்துப் பார்த்தாள். எப்போதும் வலது கண்தான், இடது கண்ணை இறுக மூடிக்கொள்வாள், இருபது வருஷப் பழக்கம். கோடு இல்லை. வானம் மொட்டையாக இருந்தது. “பாய், இது தேஞ்ச காசு” என்றாள். “நல்லாப் பாருங்கம்மா, கோடு கோடா இருக்கே” என்றார். இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அதிலும் இல்லை. அதற்கப்புறம் தன் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. “இத்தனை வருஷமா வாங்குறவகிட்டயே இப்படிக் கழிச்சதைத் தள்ளி விடுறீங்களே, உங்களுக்கே நல்லாயிருக்கா பாய்? பொம்பளைதானே, என்ன தெரியும்னு நினைச்சீங்களா?” நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மரைக்காயர் இரண்டு காசையும் எடுத்துத் துணியில் வைத்துச் சுற்றிப் பெட்டிக்குள் போட்டார், போட்டுவிட்டு “சரிம்மா” என்றார். அந்தச் சரிம்மாதான் இன்னும் குத்துகிறது. திட்டியிருக்கலாம். விலைக்கு வாதாடியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஆல்பத்தைத் திறந்தாள். ஆல்பத்தில் ஒரு கனடா டாலர் உண்டு, பளபளவென்று, அச்சடித்த இடத்திலிருந்து நேராக வந்த மாதிரி ஒன்று, அதன் கோடுகளை அவள் எத்தனையோ தரம் பார்த்து ரசித்திருக்கிறாள். லென்ஸை வைத்தாள். கோடு இல்லை. துடைத்தாள், விளக்கை மாற்றினாள், ஜன்னலோரம் போனாள். படகில் இருக்கிற ஆளுக்குத் தலை இல்லை. தலையைத் தேடிக் காசை நகர்த்தினால் தலை வந்தது, துடுப்பு போயிற்று. துடுப்பைத் தேடினால் மறுபடி தலை போயிற்று. ஆல்பத்துக்குள் இருக்கிற காசு தேயுமா? யார் தொட்டது, எந்தப் பையில் புழங்கிற்று, எப்படித் தேயும்? கொஞ்ச நேரம் நிஜமாகவே அதைத்தான் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், காசு தானாகத் தேய்வதற்கு என்ன காரணம் இருக்க முடியும், உப்புக் காற்றா, பிளாஸ்டிக் உறையா என்று. கண் என்று தோன்றவேயில்லை. காசு பார்க்கிறவர்களுக்கு வருகிற கிறுக்கு அது, குறை எப்போதும் காசிலேதான் இருக்கும், பார்க்கிற கண்ணில் இருக்கவே இருக்காது. மெதுவாக லென்ஸை இடது கண்ணுக்கு மாற்றினாள். மாதாவே, அத்தனை கோடும் அப்படியே இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் அவள் சண்டே மார்க்கெட் பக்கமே போகவில்லை. முட்டி வலி என்று இஞ்ஞாசியிடம் சொன்னாள்.

“கையை எடுங்கம்மா, இன்னொரு தரம் விடணும்.” நர்ஸ் பெண் வந்து தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். விரல் ஜில்லென்று இருந்தது. திறந்த ஒரு நொடியில் வெள்ளையாய் ஒரு உடுப்பு, சுற்றிலும் வெளிச்சம், உடுப்புக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கலங்கல். “அழுதீங்களா, அப்படிச் சிவந்திருக்கு?” “இல்லைம்மா, மருந்துதான்.” “பாட்டிங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். பாட்டியாமே! எரிந்தது. இடது கண்ணில்தான் கூட எரிந்தது. இந்த இடது கண்ணுக்காகத்தான் இத்தனையும். வலது போனபோது இடது சத்தமில்லாமல் அதன் வேலையையும் சேர்த்துச் செய்தது, ஆபீஸில் ஒருத்தர் லீவு போட்டால் இன்னொருத்தர் பார்ப்பதில்லையா, அப்படி. இப்போது ஆறேழு மாதமாய் அதற்கும் முடியவில்லை. கதவு நிலை நடுவில் வளைகிறது, குளியலறையில் டைல்ஸ் கோடு நெளிகிறது, அப்புறம் முகங்கள். முகத்தின் நடுவில்தான் முதலில் கை வைக்கிறது. அவள் ஒன்று படித்திருக்கிறாள், இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி வெள்ளியில் செம்பைக் கலந்து காசடித்தான், அதில் தன் முகத்தைப் பக்கவாட்டில் போடாமல் ஆளை நேராகப் பார்க்கிற மாதிரி முழுசாகப் போட்டான். முழுமுகம் போட்டால் மூக்குதான் மேலே தூக்கி நிற்கும், அதனால் மூக்குதான் முதலில் தேயும். தேய்ந்ததும் வெள்ளிப் பூச்சு போய் உள்ளே இருந்த செம்பு தெரிந்தது, ஊரெல்லாம் ராஜாவுக்குச் செம்புமூக்கன் என்று பேர் வைத்துச் சிரித்தது. அது விலை கூடிய காசு, அவளிடம் கிடையாது, படத்தில் பார்த்ததுதான். அதனால்தானோ என்னவோ காசில் எல்லாரும் பக்கவாட்டிலேயே பார்க்கிறார்கள். யாரும் நம்மை நேராகப் பார்ப்பதில்லை. ஹாலந்து ராணி வில்ஹெல்மினா தலை விரித்த சின்னப் பெண்ணாகக் காசில் வந்து, கிரீடம் வைத்துக்கொண்டு வந்து, கழுத்து தடித்து நடுவயசுக்காரியாக வந்து, அத்தனை வருஷமும் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மூன்று வயசும் ஆல்பத்தில் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நாமும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டோம், எதைப் பார்க்கணுமோ அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிறது. காய்க்காரியிடம் பேசினால் அவள் தோளைப் பார்த்துப் பேச வேண்டும், சர்ச் சாமியாரிடம் பேசினால் அவர் காதை. இஞ்ஞாசியின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருக்குப் பின்னால் மாட்டியிருக்கிற காலண்டரைப் பார்க்க வேண்டும்.

இதில் யாருக்கோ எப்பேர்ப்பட்ட கண்ணெல்லாம் இருந்திருக்கிறது! ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்த வருஷம் அடித்த ரூபாயில் ராஜாவின் அங்கியில் ஒரு சின்ன யானை போட்டார்கள், கடுகளவு. தும்பிக்கை குட்டையாகிப் போனதால் ஜனங்கள் அதைப் பன்றி என்று சொல்லிவிட்டார்கள். ராஜா நெஞ்சில் பன்றியா என்று பெரிய ரகளை. மறு வருஷமே அச்சைத் திருத்தித் தும்பிக்கையை நீட்டி ஒழுங்கான யானையாக்கி அடித்தார்கள். லென்ஸும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், காசைக் கையில் வாங்கிய மாத்திரத்தில் அந்தக் கடுகை யானையா பன்றியா என்று பார்த்த கண் எப்படிப்பட்ட கண்! அந்த ஆள் என்னத்தைச் சாப்பிட்டானோ. அப்புறம் அந்த ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா. செத்துப்போய் எத்தனையோ காலமாகியும் அவள் செத்த வருஷத்தையே போட்டு அவள் காசை அடித்துக்கொண்டேயிருந்தார்கள், ஏனென்றால் அரபு நாட்டிலும் அபிசீனியாவிலும் வியாபாரிகள் வேறு காசை வாங்கமாட்டேன் என்றார்கள். மகாராணி தோளில் குத்தியிருக்கிற புரோச்சில் முத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குவார்களாம். அதில் கண் தெரியாத வியாபாரி ஒருத்தனாவது இருந்திருப்பான், அவன் என்ன செய்திருப்பான்? கட்டை விரலை வைத்துத் தடவிப் பார்த்திருப்பான். முத்து தடவினால் தெரியும், கொஞ்சம் புடைப்பாய்த்தான் இருக்கும். தன்னாலும் முடியும். விளிம்பைத் தடவி எழுத்தைப் படிக்கலாம், எடையை வைத்துச் சொல்லலாம், சுண்டினால் வருகிற சத்தத்தை வைத்து வெள்ளியா இல்லையா என்று சொல்லலாம். காசுகள் போகாது. அது இல்லை பயம். பயம் எது என்று அவளுக்குத் தெரியும், அதைச் சுற்றிச் சுற்றித்தான் காலையிலிருந்து வருகிறாள். இடதும் போனால் அந்த மனுஷன் முகம் போய்விடும். முகத்தை விரலால் தடவியா பார்க்க முடியும்? அதைவிட, பார்க்கத் தெரிந்த காலத்தில் ஒழுங்காகப் பார்த்து வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. ஒரு காசை லென்ஸ் வைத்து அரை மணி பார்த்தவள், அவரை எப்போதாவது அப்படி அரை மணி பார்த்திருக்கிறாளா? எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற ஆள்தானே, எங்கே ஓடிப்போகப் போகிறார் என்று இருந்துவிட்டாள்.

பேப்பர் சத்தம் நின்றிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றிருந்தது என்று தெரியவில்லை. இஞ்ஞாசி செருமினார். “அமலா.” “ம்.” “தூங்கிட்டியா?” “இப்பதான் மருந்து விட்டா. எங்க தூங்குறது.” யாரோ ஒருத்தர் பேரைக் கூப்பிட்டார்கள், யாரோ எழுந்து போனார்கள், செருப்பு தரையில் இழுபட்டது. “நீ கண்ணை மூடிக்கிட்டு இருக்கிறதால கேக்கறேன்” என்றார். குரல் தணிந்திருந்தது. “நான் என்ன தப்புப் பண்ணேன்?” அவளுக்குப் புரியவில்லை. “என்னங்க?” “எத்தனையோ மாசமா நீ என்கிட்ட முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிற. பேசுற, எல்லாம் பேசுற. எங்கயோ பார்த்துக்கிட்டுப் பேசுற. சோறு போடும்போதுகூட அந்தக் காலண்டரைப் பார்த்துக்கிட்டுப் போடுற. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். அந்த ஆல்பத்தை வச்சுக்கிட்டு ராப்பகலா உட்கார்ந்திருந்தப்ப சில்லறைப் பைத்தியம்னு ஒரு வார்த்தை சொன்னேனே, அதுவா? அதுன்னா சொல்லிடு. திட்டிடு. இப்படி மூஞ்சியைத் திருப்பிக்காத. வீட்டுல ரெண்டே பேரு இருக்கோம், அமலா.” மூடின இமைக்குள் என்னென்னவோ நிறம் ஓடிற்று. இந்த மனுஷன் ஆறேழு மாதமாய் இதைச் சுமந்துகொண்டா காபி போட்டுக் கொடுத்தார், துணி காயப்போட்டார், முட்டிக்குத் தைலம் வாங்கி வந்தார்? அவள் பாட்டுக்கு வயசானால் புருஷர்களுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாளே! பாவி, இப்படியா ஒரு ஆளை வதைப்பது? ஆமாம், அந்த வார்த்தைதான் என்று சொல்லிவிட்டால் என்ன? சுலபமாகப் போய்விடும். மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம், அவரும் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார், கண்ணாடிக் கதை கண்ணாடிக் கதையாகவே இருக்கும். எத்தனை நாளைக்கு? நாளைக்கும் காலண்டரைத்தானே பார்க்கணும். வாய் திறந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, திறந்தபோது வந்தது இதுதான். “மரைக்காயர்கிட்ட சண்டை போட்டேனே, ஞாபகம் இருக்கா?” “அந்தக் கனடா காசு. தேஞ்சதைக் கொடுத்துட்டார்ன்னு. எதுக்கு அது இப்ப?” “அது தேயலைங்க. என் கண்ணுதான் தேஞ்சுபோச்சு.”

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. வலது கண், போன வாரம், நவநாள், டைல்ஸ் கோடு, கதவு நிலை, தள்ளித் தள்ளிப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். நேராப் பார்த்தா உங்க முகம் இருக்கிற இடத்துல ஒண்ணும் இல்லைங்க, அதனாலதான் என்றாள். இஞ்ஞாசி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் குரலை வைத்தாவது ஏதாவது தெரிந்துகொள்ளலாம், அதுவும் இல்லை, இமையைத் திறக்கவும் கூடாது. அட, செருமவாவது செய்யுங்களேன் என்று சொல்ல நினைத்தாள். அவர் கை வந்து அவள் கையின் மேல் உட்கார்ந்தது, காசும் பஞ்சும் எல்லாமுமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. “கிறுக்கச்சி” என்றார். அவ்வளவுதான். அதற்குள் அமலோற்பவம் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள், பச்சைப் புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். புள்ளி எங்கே இருக்கிறது? இருக்கிற இடத்தைப் பார்த்தால் இல்லை, பக்கத்தில் பார்த்தால் இருக்கிறது. “அசையாதீங்க” என்றார்கள். அசையவில்லை. அப்புறம் டாக்டர், மெல்லிய குரல்காரர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். இஞ்ஞாசி பின்னால் நின்றிருந்தார். இடது கண்ணிலும் வந்துவிட்டது, ஆனால் நடு மையம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை என்றார். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், மாதா மாதம் வர வேண்டியிருக்கும், இன்றைக்கே முதல் ஊசி போட்டுவிடலாம் என்றார். “போட்டா திரும்பிடுமா டாக்டர்?” என்று கேட்டது இஞ்ஞாசி. “போனது திரும்பாதுங்க. இருக்கிறதைக் காப்பாத்தறதுக்குத்தான். பெரும்பாலும் நிக்கும். நிச்சயமா நிக்கும்னு நான் சொல்லமாட்டேன்.” நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. அமலோற்பவத்துக்கு விசித்திரமாக ஒரு நிம்மதி வந்தது. இருக்கிறது என்றாரே. இருக்கிறதை என்றாரே. அப்படியானால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கண்ணுக்குள் ஊசியா என்று கையிலிருந்த காசை ஒரு தரம் இறுக்கிக்கொண்டாள். கொஞ்சம் வெளியில் இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வராந்தாவில் வெளிச்சம் அடித்தது. மருந்தில் விரிந்த கண்ணுக்கு எல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளையாக இருந்தது. ஜன்னல், ஆட்கள் எல்லாம் விளிம்பில்லாமல் கரைந்திருந்தது. இஞ்ஞாசி அவளைச் சுவரோரமாய் நிறுத்திவிட்டு எதிரே போய் நின்றார். “இப்ப நான் தெரியறேனா?” “இல்லை.” “எங்க நிக்கணும், சொல்லு.” “ஐயே, எல்லாரும் பார்க்கிறாங்க, உட்காருங்க.” “பார்க்கட்டும். எங்க நிக்கணும்?” “கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. என் இடது கைப் பக்கம்.” வந்தார். “இன்னும் கொஞ்சம்.” ஒரு காலை நகர்த்தினார். “பின்னால போங்க. அவ்வளவு வேணாம். நில்லுங்க.” அவள் எதிர்ச்சுவரை நேராகப் பார்த்தாள். சுவரில் ஒன்றுமில்லை. சுவருக்குப் பக்கத்தில், வெள்ளைக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தோள் வந்தது, நரைத்த கிருதா வந்தது, காது வந்தது, கண்ணாடிக் கம்பி வந்தது, ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டிருக்கிற வாய் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. இளைத்திருந்தார். எப்போது இளைத்தார்? அவள் சுவரையே பார்த்துக்கொண்டு அவரை மேலிருந்து கீழாக, அவசரமே இல்லாமல், பார்த்துக்கொண்டு நின்றாள். நர்ஸ் பெண் கதவைத் திறந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இதோ வர்றேம்மா என்றாள் அமலோற்பவம், பார்ப்பதை நிறுத்தாமல். “தெரியுதா?” என்றார் இஞ்ஞாசி. “தெரியுது” என்றாள். “எங்க தெரியுது, சும்மா என் மனசுக்காகச் சொல்ற.” “சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டிலிருந்து இப்படியேதான் பஸ்ஸில வந்தீங்களா? கிட்ட வாங்க” என்று சொல்லிவிட்டு, வராந்தா முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தாள்.